ஜீப்புக்குப் படி வாங்க மஸ்கட் போனேன்

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன வேலையாக மஸ்கட் போகிறேன் என்று கேட்டார். வண்டிக்குப் படி வாங்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

படிக்கிறவர்களுக்கு மட்டும் விவரமாகச் சொல்கிறேன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு செய்கிறவன் நான். என் மனைவி தனலட்சுமிக்கு அவள் அப்பா எழுதிவைத்த இரண்டு காணி நிலம் கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கரும்புதான் போடுகிறோம். போடுகிறோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கரணை நடுவதிலிருந்து பெண்ணாடம் ஆலைக்கு லோடு ஏற்றுவது வரை எல்லாம் அவள்தான். எனக்குக் கரும்பைக் கடிக்கத்தான் தெரியும்.

நிலத்துக்குப் போகிற வழியில் ஒரு தரைப்பாலம். அது ஒரு வெள்ளத்தில் உடைந்து, கான்கிரீட் பாளங்கள் தலைகீழாகக் கிடக்கின்றன. அதற்காகத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். நாங்கள் இருவரும், எங்கள் இரண்டு பெண்களும் அதில்தான் எங்கேயும் போவோம்.

மோட்டார் கொட்டகைப் பாசியில் தனம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து நடக்க வைத்துவிட்டார்கள். ஆனால் இடது காலை ஓரளவுக்கு மேல் தூக்க முடியாது. ஜீப்போ உயரம். கடையில் பளபளவென்று தொங்கிய ஒரு ஃபுட்போர்டை வாங்கி மாட்டினேன். மூன்றாவது வாரம் தரைப்பாலத்தில் ஒரு பாளம் அதை அடியிலிருந்து மேலே நெட்டியது. அலுமினியக் குழாய் மடங்கிக் கதவின் அடியில் சொருகிக்கொண்டது. கதவு திறக்கவில்லை. கரும்பு வெட்டுகிற ஆட்கள் நாலு பேர் வந்து, ஓட்டுகிற பக்கமாக அவளை மூட்டை இறக்குவது மாதிரி இறக்கினார்கள்.

அவள் ஒன்றும் கத்தவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள்: "இந்த வெட்டுக்கு நானா ஏறி நானா எறங்கணும். முடியலன்னா நெலத்தக் குத்தகைக்கு வுட்டுடறேன். என்னத் தூக்கிகினு போயி கரும்பு வெட்ட வேணாம்."

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர ஒன்றரை மாதம் இருந்தது. மஸ்கட்டில் என் தங்கை வசந்தாவும் அவள் புருஷன் கலியபெருமாளும் இருக்கிறார்கள். அங்கே மலையிலும் பாறையிலும் ஓடுகிற வண்டிகளுக்கு ராக் ஸ்லைடர் என்று ஒன்று மாட்டுவார்கள், அதிலேயே படியும் வைத்து வாங்கலாம் என்று கலியபெருமாள் போனில் சொன்னார். விசாவும் அவரே எடுத்து அனுப்பினார். நான் அளவுகளை எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் மஸ்கட்டில் இறங்கியதும் முகத்தில் அடித்த சூடு எனக்குப் புதிதில்லை. சூளைக் கதவைத் திறந்தால் இதைவிட மோசமாக அடிக்கும். ஆனால் சூளையிலிருந்து தள்ளி நின்றுகொள்ளலாம். இங்கே எங்கே தள்ளி நிற்பது?

வசந்தா வஞ்சரம் மீன் குழம்பு வைத்திருந்தாள். மீன் நன்றாக இருந்தது, புளி போதவில்லை. அதைச் சொன்னேன்.

"வந்து ஒரு மணி நேரம் ஆவல, ஆரம்பிச்சிட்டியாண்ணே" என்றாள்.

ஊர் சுத்தமாக இருந்தது. வண்டி அழுக்காக இருந்தால் போலீஸ் அபராதம் போடுமாம். எங்கள் ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் களிமண் லாரிகள் ஒன்றுகூட ரோட்டில் ஓடாது. சாலையோரம் எல்லாம் புல் வளர்த்துக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிறார்கள். குடிக்கிற தண்ணீரையே கடலிலிருந்து காய்ச்சி எடுக்கிற ஊரில் புல்லுக்கு என்ன கேடு என்று கேட்டேன். கலியபெருமாள் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். அவரோடு சண்டை போட முடியாது என்பதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை.

இரண்டாம் நாள் வண்டிச் சாமான் விற்கிற தெருவுக்குப் போனோம். ஒரு தெரு முழுக்க அதே கடைகள். பம்பர், விளக்கு, படி எல்லாம் கண்ணாடிக்குள் நகை மாதிரி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கடையிலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன். இதற்கடியில் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கலாமா?

இது கலியபெருமாள் சொல்லிக்கொடுத்த கேள்வி. ஃபுட்போர்டு வண்டியின் தகரத்தில் தொங்கும். ஸ்லைடர் அடிச்சட்டத்தைப் பிடித்திருக்கும், அதாவது சேஸிஸை. பாறை மேல் வண்டி உட்கார்ந்தால் மொத்த பாரத்தையும் அது தாங்கி, வண்டியை வழுக்கிக்கொண்டு போக வைக்க வேண்டும். அதனால் ஜாக்கிக்குத் தாங்காதது பாறைக்கும் தாங்காது.

முதல் கடையில் தாங்கும் என்றார்கள். அப்படியென்றால் வாசலில் நிற்கிற உங்கள் வண்டியைத் தூக்கிக் காட்டு என்றேன். முதலாளி தொழுகைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாவது கடையில் இருந்தவர் மலையாளி. அவர் நேர்மையான ஆள். படியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது கல்யாணத்துக்குப் போகிற வண்டிக்கு. கல்லில் போகிற வண்டிக்கு இல்லை" என்று அவர் பாஷையில் சொன்னார். மூன்றாவது கடையில் மோட்டார் வைத்த படி இருந்தது. கதவைத் திறந்தால் தானே கீழே இறங்குகிறது, மூடினால் மேலே போய்விடுகிறது. ஆற்று மணல் உள்ளே போனால் என்ன ஆகும் என்றேன். மணலில் ஏன் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். பாலைவனத்தில் கடை போட்டவன் கேட்கிற கேள்வி அது.

எங்கள் ஜீப் மாடலுக்கு எந்தக் கடையிலும் தயாராக எதுவும் இல்லை என்பதும் அன்று தெரிந்தது.

மதியம் கலியபெருமாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. நான் தனியாக வாடகைக் காரில் திரும்பினேன். வீட்டுப் பக்கத்தில் ஒரு மசூதி, ஒரு ரவுண்டானா என்று அடையாளம் வைத்திருந்தேன். மஸ்கட்டில் எல்லா வீட்டுப் பக்கத்திலும் ஒரு மசூதியும் ஒரு ரவுண்டானாவும் இருக்கின்றன. முக்கால் மணி நேரம் சுற்றினோம். ஓட்டியவர் வெள்ளை அங்கி போட்ட பெரியவர். கடைசியில் ஒரு தையல் கடை முன்னால் நிறுத்தி, உள்ளிருந்த தமிழ்க்காரரைக் கூப்பிட்டார். வந்தவர் மங்கலம்பேட்டைக்காரர். நான் விருத்தாசலம் என்றதும் என் விலாசத்தைக்கூடக் கேட்கவில்லை. "பாலக்கரைல டீக்கடையெல்லாம் இருக்குதா பாய்?" என்றார். இருக்கிறது, டீதான் முன்னைவிட மோசம் என்றேன். நான் கொடுத்த நம்பருக்கு அவர் போன் செய்துதான் வசந்தா வந்து என்னை அழைத்துப்போனாள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை. கலியபெருமாள் தன் பெரிய வண்டியில் எங்களை ஒரு வாதிக்குக் கூட்டிப்போனார். வாதி என்றால் மலைக்கு நடுவில் காய்ந்து கிடக்கிற ஆறு. எங்கள் ஊர் வெள்ளாறு முழுக்க மணல், இது முழுக்கக் கல். ஆட்டுக்குட்டி அளவிலிருந்து அம்பாசிடர் கார் அளவு வரை கற்கள். அதற்கு நடுவில் பேரீச்சை மரம், சிமெண்டு வாய்க்காலில் தண்ணீர். அந்தத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுகிறார்களாம். எங்கள் ஊரில் முறை உண்டு, கூடவே அரிவாளும் உண்டு.

ஓரிடத்தில் வண்டி ஒரு பாறைமேல் ஏறிப் பக்கவாட்டில் சரிந்தது. வசந்தா பக்கத்துக் கதவுக்குக் கீழே இரும்பைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தரைப்பாலம் ஞாபகம் வந்துவிட்டது. மாப்ளை, நிறுத்து என்றேன். அவர் நிறுத்தவில்லை. வண்டி அந்த இரும்பின்மேல் உட்கார்ந்து, மெதுவாக வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். ஸ்லைடரில் பெயிண்ட் போயிருந்தது. அவ்வளவுதான். கதவைத் திறந்து மூடினேன். மறுபடியும் திறந்து மூடினேன்.

"என்னா மச்சான், கதவு வெலைக்கு வேணுமா?" என்றார் கலியபெருமாள்.

அவர் ஸ்லைடரில் படி இல்லை. வசந்தா ஆடு மாதிரி ஒரே தாவில் ஏறிக்கொள்கிறாள். எனக்கு இந்தப் பலமும் வேண்டும், தனம் ஏறுகிற படியும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாத விஷயம். பாறைக்கு இரும்பு உயரத்தில் இருக்க வேண்டும். அவள் காலுக்குப் படி தாழ்வாக இருக்க வேண்டும்.

மதியம் மரத்தடியில் உட்கார்ந்து வசந்தா கட்டிவந்த எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். பக்கத்துக் குடும்பத்தார், அந்த ஊர்க்காரர்கள், ஒரு தட்டில் கறிச்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நிலத்தில் குழி வெட்டி, மூடி வைத்து வேகவைத்த ஆட்டுக்கறியாம். வாயில் வைத்தால் கரைந்தது. அதில் மட்டும் நான் குறை சொல்லவில்லை. வசந்தா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

நாலாம் நாள், கடைத்தெருவுக்குப் பின்னால் பட்டறைகள் இருக்கிற பகுதிக்குப் போனோம். பெஷாவர் பக்கத்திலிருந்து வந்த குல்சமான் என்ற பட்டாணியரின் வெல்டிங் பட்டறை. ஆறடிக்கு மேல் உயரம், மருதாணி போட்ட தாடி. நாங்கள் போனபோது அவர் தரையில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தாளை நீட்டினேன். வாங்கவில்லை. கலியபெருமாள் இந்தியில் கேட்டு எனக்குச் சொன்னார்: "சாப்பிடாதவன்கிட்ட அளவு வாங்கமாட்டாராம் மச்சான். பசியில எழுதுன அளவு தப்பா இருக்குமாம்."

ஒரு முழ நீளத்துக்கு ரொட்டி. அதைக் கிழித்துக் கறியில் தோய்த்துத் தின்றோம். காரம் என்று எதுவும் இல்லை, ஆனால் கறி இருந்தது. பிறகு பால் ஊற்றாத பச்சை டீ. அதை டீ என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். வண்டியில் ஸ்லைடர் தரையிலிருந்து பதினெட்டு அங்குல உயரத்தில் வரும். அவளால் ஒன்பதுதான் தூக்க முடியும். சூளைச் செங்கல் ஒன்றின் உயரம் மூன்று அங்குலம். வீட்டு வாசலில் மூன்று செங்கல் அடுக்கினேன், ஏறினாள். நாலாவதை வைத்தேன், முடியவில்லை. ஆகவே நட்டநடுவில் ஒரு படி. தரையிலிருந்து படிக்கு ஒரு எட்டு, படியிலிருந்து ஸ்லைடருக்கு ஒரு எட்டு. அங்கிருந்து உள்ளே போவது சுலபம்.

ரப்பர் பெல்ட்டில் படியைத் தொங்கவிடலாம், கல் பட்டால் வளைந்து கொடுக்கும் என்றார். ஆடுகிற படியில் அவள் கால் வைக்கமாட்டாள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, ஒரு கதவுக் கீலை எடுத்துக் காட்டினார். இரும்புக் கை ஒன்றில் படி தொங்கும். முன்பக்கம் ஒரு தடை. மிதித்தால் அசையாது. கல் முன்னாலிருந்து இடித்தால் மட்டும் பின்பக்கமாக மடங்கி, தாண்டியதும் தானே தொங்கிவிடும். நான் தலையாட்டினேன். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகுதான் தாளைப் படித்தார். புருவத்தைத் தூக்கினார். கலியபெருமாள் மொழிபெயர்த்தார்: "ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இவ்ளோ எடமா, உங்க வண்டி ஜீப்பா பஸ்ஸான்னு கேக்கறாரு."

எனக்குக் கோபம் வந்தது. "முப்பது வருசமா அளக்கறேன்னு சொல்லு. என் அளவுல ஒரு நூலு தப்பிருக்காதுன்னு சொல்லு."

அவர் தோளைக் குலுக்கினார். சரி, படி தொங்குகிற கையிலாவது மூன்று நான்கு ஓட்டை போட்டுத் தருகிறேன், ஏற்றி இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்றேன். அளக்கத் தெரியாதவனுக்குத்தான் ஓட்டை வேண்டும் என்றேன். கலியபெருமாள் அதை அப்படியே சொன்னாரா, பூசிச் சொன்னாரா தெரியாது. குல்சமான் என்னைப் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மாலையில் போனபோது ஸ்லைடரும் படியும் தயார். கனத்த குழாய், மேலே தேய்ந்த ரப்பர் பட்டை, கீழே மடங்குகிற படி. வண்டியில் மாட்டிய பிறகு குழாய் முனைகளை மூடி வெல்டு வைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். பட்டறை ஜாக்கியை நடுவில் கொடுத்து, அங்கே நின்ற ஒரு வண்டியின் முன்பக்கத்தையே அதன்மேல் தாங்கவைத்துக் காட்டினார். நான் கேட்காமலே.

ஆறாம் நாள் கிளம்ப வேண்டும். விமானத்தில் கொண்டுபோகிற எடை முழுவதையும் இரும்பே சாப்பிட்டுவிட்டது. பால் பவுடர், பேரீச்சம்பழம் எதுவும் எடுத்துப்போக மாட்டேன் என்று வசந்தாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எப்போதும் பேசுகிறவள் பேசாமல் இருந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சென்னையில் சுங்க அதிகாரி என் இரும்பை எக்ஸ்ரே மிஷினில் பார்த்துவிட்டு என்னைத் தனியாக நிறுத்தினார்.

"குழாக்குள்ள என்ன?"

"காத்து."

"காத்து கட்டி கட்டியா இருக்குமா?"

ஒரு குச்சியை விட்டுக் குத்தினார். ஒரு சோப்பு விழுந்தது. அதன்பின் இன்னொன்று. சோப்பு, சாக்லேட், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பேரீச்சம்பழம், தைலப் பாட்டில். ஒரு துண்டுத் துணியில் 'தனம் அண்ணிக்கு' என்று எழுதிச் சுற்றிய சென்ட் பாட்டில். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அதிகாரி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவைத்து, தங்கம் இல்லை என்று தெரிந்ததும், "தங்கச்சியா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிப் போகவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி உள்ளே திணித்தேன். வேறு என்ன செய்வது?

பஸ்ஸில் கண்டக்டர் குழாயை உள்ளே ஏற்றவிடவில்லை. மேலே கூரையில் போட்டுக் கட்டினேன். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் ஒரு கயிறு அவிழ்ந்து, குழாய் முனை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டது. எதிரே வந்த கரும்பு டிராக்டர்காரர் கத்திச் சொன்ன பிறகுதான் டிரைவர் நிறுத்தினார். அந்த டிராக்டர்காரர் என் அம்மாவைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

ஏழாம் நாள் காலை, எங்கள் தெரு வெல்டிங் பட்டறை ஏழுமலை வந்து ஜீப்புக்கு அடியில் படுத்தான். தனம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கைத்தடி மடியில் இருந்தது. நான் மஸ்கட் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடியிலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "அண்ணே, இது டயரத் தாண்டி நிக்குதுண்ணே."

"ஒழுங்கா வெச்சிப் பாரு."

"எப்பிடி வெச்சாலும் டயர்லதான்ணே இடிக்குது. ஆறு இஞ்சு கூட இருக்குது. வண்டிய நீட்டினாத்தான் உண்டு."

அந்தப் பட்டாணியன் தப்பாக வெட்டிவிட்டான் என்று கத்தினேன். மஸ்கட்டுக்குப் போன் போடப் போனேன். தனம் கையை நீட்டினாள். "அந்தத் தாளக் குடுங்க."

கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்தாள்.

"அறுவத்தாறுன்னு எழுதியிருக்குதே. இது எங்கேந்து வந்துது?"

"அளந்ததுதான்."

"டேப்போட அந்த முனையப் புடிச்சது நானு. அஞ்சடின்னு படிச்சதும் நானு. அஞ்சடின்னா அறுவது."

நான் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அறுபத்தாறு. படி தொங்குகிற இடத்தில் அவள் ஒன்பது என்று சொன்னாள். நான் பத்து என்று எழுதியிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. களிமண்ணில் செய்தது காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சிறுத்துவிடும். பத்துக்கு ஒன்று போய்விடும். அதனால் அச்சுக்காரன் எந்த அளவையும் உள்ளபடி எழுதமாட்டான். பத்து வேண்டுமென்றால் பதினொன்று எழுதுவான். முப்பது வருடமாக என் கை அதைத்தான் செய்கிறது. யோசித்தெல்லாம் செய்வதில்லை. காது அறுபது என்று கேட்டால் கை அறுபத்தாறு என்று எழுதிவிடுகிறது. அளந்ததில் ஒரு நூல் தப்பில்லை. எழுதியதில்தான் ஜீப்பையும் பொண்டாட்டியையும் சேர்த்துச் சூளைக்கு அனுப்பிவிட்டேன்.

மெதுவாகச் சொன்னேன். ஏழுமலை அடியிலிருந்து வெளியே வந்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். தனம் என்னையே பார்த்தாள்.

"என் காலும் சூளைக்குப் போயி சுருங்கி வரும்னு நெனச்சீங்களா?"

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல உங்க மேல பிராது எழுதிக் கட்டறேன் பாருங்க. அவரு வெசாரிக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு அங்கே வலிக்கும், அதனால் ரொம்ப நாளாகச் சிரிக்காமல் இருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் அதைக் கேட்க நன்றாகவும் இருந்தது.

ஓர் அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். மொத்தம் பதினெட்டு. படி பத்து அங்குலம் கீழே தொங்கினால் தரையிலிருந்து படிக்கு எட்டுதான். அது அவளுக்குச் சுலபம். ஆனால் படியிலிருந்து மேலே பத்து. அங்கே அவள் நின்றுவிடுவாள். பாதி வழியில் நிற்கிறவளை மறுபடி நான் தூக்க வேண்டும். அந்தப் பட்டாணியர் ஓட்டை போட்டுத் தருகிறேன் என்றதை நான் வேண்டாம் என்றது ஞாபகம் வந்தது. அவர் இருந்த திசையில் கும்பிடலாமா என்று யோசித்தேன்.

குழாயின் இரண்டு முனையிலும் மூன்று மூன்று அங்குலம் அறுத்தோம். அதற்கு முன்பு சோப்புகளை எடுத்தோம். ஏழுமலை படியின் கையை அறுத்து, ஓர் அங்குலம் குறைத்து மறுபடி பற்றவைத்தான். இந்த முறை அளவுகளைத் தனம் எழுதினாள். என்னிடம் பென்சில் கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தொழிற்பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் வேலைக்குப் போனால் களிமண் பிசைகிறவர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோரும் என்னிடம் மணி கேட்டார்கள். எட்டு என்றால், நிஜமா எட்டா, இல்லை சூளைக்கு முன்னாடி எட்டா என்றார்கள். இரண்டு வாரம் கேட்டார்கள்.

வெட்டு உத்தரவு வந்தது. அன்று காலை நான் ஜீப்பை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து பக்கத்தில் நின்றேன்.

"நீங்க போயி உங்க எடத்துல ஒக்காருங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். வெளியே பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைத்தடி உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. கீல் ஒருமுறை முனகியது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் இருக்காது, எனக்கு அப்படி இருந்தது. ஸ்லைடரில் கால் வைக்கிற சத்தம் வந்தது. சீட்டு அமுங்கியது. கதவு மூடியது.

"ஓட்டுங்க. வெயிலு ஏறுது."

தரைப்பாலத்தில் அதே பாளம் அப்படியேதான் கிடந்தது. நான் ஒதுக்கி ஓட்டப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பக்கம் இறங்கி இடித்தது. முதலில் படி பின்னால் மடங்கியது, அடுத்து ஸ்லைடர் பாளத்தின் மேல் உட்கார்ந்து தேய்த்தது. பல் கூசுகிற சத்தம். அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி வழுக்கி இறங்கியது. அந்தப் பக்கம் போனதும் நான் நிறுத்தினேன்.

"எதுக்கு நிறுத்தறீங்க?"

"கதவு தெறக்குதான்னு பாரு."

"எறங்கும்போது பாத்துக்கலாம்."

நிலத்தில் ஆட்கள் வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். மேஸ்திரி ராமலிங்கம் ஜீப்பைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு, கூட மூன்று பேரை அழைத்துக்கொண்டு ஓடிவந்தார். போன தடவை அவளைத் தூக்கி இறக்கியவர்கள் அவர்கள்தான். நல்ல மனிதர்கள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

கதவு திறந்தது. "தள்ளி நில்லுங்க" என்றாள். அவர்கள் நகர்ந்தார்கள். முதலில் கைத்தடியைத் தரையில் ஊன்றினாள். ஸ்லைடர், படி, மண். இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, அவர்களையும் என்னையும் பார்க்காமல், வெட்டி முடித்த சால் வழியாக நடந்தாள். பத்தடி போய் நின்று, ஒரு கரும்புக் கட்டையைத் தடியால் தட்டினாள்.

"ராமலிங்கம், இது என்ன ஒசரம்? நாலு வெரலு நிக்குது. சக்கரையெல்லாம் அடியிலதான இருக்குது, அத யாருக்கு வுட்டுட்டுப் போற?"

"இல்லம்மா, இப்பத்தான் ஆரம்பிச்சோம்..."

"ஆரம்பத்துலேந்து வெட்டு. நான் இங்கதான் இருப்பேன்."

நாலு பேரும் அரிவாளை எடுத்துக்கொண்டு முதல் சாலுக்குத் திரும்பிப் போனார்கள்.